ஒன்றரை வரி சர்வீஸ்

உட்காருங்க தம்பி, பையை மேல வைக்கிறேன். தேவாங்குளமா? நானும் அங்கதான் போறேன். நல்லதாப் போச்சு, இந்த ரோட்டுல பேச்சுத்துணை இல்லாமப் போனா குண்டும் குழியும் ரெண்டு மடங்காத் தெரியும்.

என்ன, காலைப் பார்க்கிறீங்க? ஷூவை வச்சுக் கண்டுபிடிச்சிட்டீங்களாக்கும். கட்டம்போட்ட சட்டை மாட்டிட்டு வந்தாலும் இந்தப் பிரவுன் ஷூ காட்டிக் குடுத்துருது. ஆமா, போலீஸ்தான். பேரு வீரணன். கொடிமரத்துப்பட்டி ஸ்டேஷன்ல எஸ்.எஸ்.ஐ. அதுவும் இந்த மாசக் கடைசி வரைக்குந்தான், அதோட ரிட்டையர்டு. மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஜீப்புல வச்சு வீட்டுல கொண்டுபோய் விடுவாங்க. அந்த விழாவுல ஒரு பிள்ளை வந்து என்னைப் பத்தி நாலு வார்த்தை பேசணும். பேரு பஞ்சவர்ணம், அதுவும் போலீஸ்தான், இப்ப தேவாங்குளம் ஸ்டேஷன்ல இருக்கு. அதைக் கூப்பிடத்தான் போறேன். போன்லயே வர்றேன்னு சொல்லிருச்சு. இருந்தாலும் நேர்ல பார்த்து ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கு. அதைச் சொல்லணும்னா போர்டு கதையைச் சொல்லணும். ஊர் வர்றதுக்குள்ள சொல்லிருவேன்.

எங்க ஸ்டேஷனுக்கு ஜெபராஜ்னு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. நல்ல மனுசன். காக்கி போடுறதுக்கு முந்தி பாலிடெக்னிக்ல கெமிஸ்ட்ரி வாத்தியாரு. அந்த வாத்தியார்த்தனம் இன்னும் போகலை. திருடனை விசாரிச்சு முடிச்சிட்டு, "புரிஞ்சுதா?"ன்னு கேட்பாரு. திருடனும் தலையாட்டுவான். நான் சர்வீஸ்ல கண்டுக்கிட்டது இதுதான் தம்பி. ஒரு போலீஸ்காரன் எப்படிப்பட்டவன்னு தெரியணும்னா, முந்தி என்ன வேலை பார்த்தான்னு கேட்டாப் போதும். அது ஒட்டிக்கிட்டே வரும். குளிச்சாலும் போகாது.

அவருக்கு ஒரு யோசனை. ஜனங்க ஸ்டேஷனுக்கு வரப் பயப்படுறாங்க, போலீஸும் நம்மளை மாதிரி மனுசங்கதான்னு அவங்களுக்குத் தெரியணும். அதனால வாசல்ல ஒரு பெரிய போர்டு வைப்போம், ஒவ்வொருத்தர் போட்டோவும் போட்டு, எங்க இருந்து வந்தாங்க, முந்தி என்ன செஞ்சாங்கன்னு எழுதுவோம்னாரு. "உங்கள் காவலர்களை அறிவீர்"னு தலைப்பு. அந்த வேலையை என்கிட்ட குடுத்தாரு. இருக்கிறதுலயே நான்தானே பழைய ஆளு, எல்லாருடைய பூர்வீகமும் எனக்குத்தான் தெரியும்.

நான் ஆசையாத்தான் செஞ்சேன். பொய் சொல்லலை. தவமணின்னு ஒரு ஏட்டு, எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல பரோட்டா மாஸ்டரா இருந்தவன். இப்பவும் சும்மா நிக்கும்போது லத்தியை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே இருப்பான். ஜீப் ஓட்டுற சிக்கந்தர் பட்டாளத்துல பனிமலையில லாரி ஓட்டினவன். எங்க ரைட்டர் மாயழகு இருக்கானே, அவன் திருவிழா நாடகத்துல பபூன் வேசம் கட்டினவன். அவன் எழுதுற புகாரை வாசிச்சா வாதியும் அழுவான், பிரதிவாதியும் அழுவான். கோர்ட்டுல ஜட்ஜய்யாவே ஒருதரம், "யாருப்பா இதை எழுதினது"ன்னு கேட்டிருக்காரு. எல்லாத்தையும் அழகா எழுதினேன்.

போர்டு வச்சதும் ஊரே வந்து வாசிச்சுச்சு. சந்தைக்கு வந்தவன், ரேஷனுக்கு வந்தவன் எல்லாம் நின்னு வாசிக்கிறான். தவமணியைப் பார்த்து, "மாஸ்டரு, உங்க கையால சால்னா ஊத்தித் தின்னிருக்கேன்"னு ஒருத்தன் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். பந்தோபஸ்துல நிக்கிறப்ப ஜனங்க தானா வந்து துப்புச் சொல்லிட்டுப் போறாங்க. அவனுக்கு ஒரே பெருமை. பாருங்க, அவனும் கீழ இருந்து வந்தவன்தான். அவனுக்கு நல்லதா இருந்தது பஞ்சவர்ணத்துக்கு மட்டும் எப்படிக் கெட்டதாப் போகும்? இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை.

சரி, என் கதைக்கு வர்றேன். எல்லாருக்கும் எழுதி முடிச்சு, கடைசியா எனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆயுதப்படையில சேர்ந்தார், தாலுகா ஸ்டேஷனுக்கு வந்தார், முதல்நிலைக் காவலர் ஆனார், ஏட்டு ஆனார், எஸ்.எஸ்.ஐ. ஆனார். முடிஞ்சு போச்சு. அதெல்லாம் வருசம் போனாத் தானா வர்ற ப்ரமோஷன் தம்பி, தலை நரைக்கிற மாதிரி. மெடல் கிடையாது. பெரிய கேஸ் பிடிச்சதும் கிடையாது. போலீஸுக்கு முந்தி என்ன செஞ்சேன்னு எழுதலாம்னா, ஒண்ணும் செய்யலை, பள்ளிக்கூடம் விட்டதும் நேரா செலக்‌ஷனுக்குப் போயிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வாசிச்சுப் பார்த்தாரு. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு பத்தி, எனக்கு ஒன்றரை வரி. "வீரணன், உங்களுக்கு வேற எதுவும் இல்லையா?"ன்னு கேட்டாரு. மனசுல ஒண்ணும் வச்சுக் கேட்கலை, பாவம். ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. மத்தியானம் வீட்டுக்குப் போனா சோறு இறங்கலை. இத்தனை காலம் வெயில்லயும் மழையிலயும் நின்னிருக்கேன், எத்தனை தேர்தல், எத்தனை தேரோட்டம், எழுதினா ஒன்றரை வரிதானா? என் வீட்டுக்காரி, "என்ன, ஒரு மாதிரியா இருக்கீங்க"ன்னா. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டேன்.

அப்பத்தான் பஞ்சவர்ணம் ஞாபகம் வந்துச்சு.

அது எங்க ஸ்டேஷன்ல முதல்நிலைக் காவலரா இருந்த பிள்ளை. ஆனா அது அங்க வந்தது அப்ப முதல்தடவை இல்லை. சின்ன வயசுல, பாவாடை சட்டை போட்டுக்கிட்டு ஒருதரம் வந்திருக்கு. நானும் அப்ப அங்கதான் கான்ஸ்டபிள். பிற்பாடு ஊரெல்லாம் சுத்திட்டு அதே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன்.

ஜவுளிக்கடைக்காரர் வீட்டுல வேலைக்கு இருந்துச்சு. அந்த வீட்டம்மா சங்கிலி காணோம். பிள்ளை மேல சந்தேகம்னு சொன்னாங்க. பெரிய இடம், அதிகாரி உடனே போய்க் கூட்டிட்டு வான்னுட்டாரு. நான்தான் காலையில அது வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தேன். ரைட்டர் ரூமுக்கு எதிர்த்தாப்புல ஒரு சுவரு இருக்கு, அதோரமா உட்காரச் சொன்னேன். சின்னப் பிள்ளைதானே, கொஞ்சம் மிரட்டினா வாயைத் திறந்துரும்னு நினைக்கிறதுதான். அது, "எடுக்கலை, எடுக்கலை"ன்னு ஒரே பாட்டைப் பாடுச்சு. கையை நீட்டச் சொல்லி லேசா... அதெல்லாம் அப்ப உள்ள வழக்கம் தம்பி, பள்ளிக்கூடத்துலயே அடிப்பாங்க. அதோட அம்மாக்காரி வாசல்ல நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு.

சாயங்காலம் அந்த வீட்டம்மாகிட்ட இருந்து போன் வந்துச்சு. சங்கிலி தலகாணி உறைக்குள்ள கிடந்துச்சாம். நான்தான் சைக்கிளை எடுத்துட்டு ஓடினேன். நேர்ல பார்த்து, கையில வாங்கி, அதிகாரிகிட்ட காட்டி, "பிள்ளை மேல தப்பில்லைய்யா"ன்னு சொன்னதே நான்தான். அது மட்டுமா? டீக்கடையில ஒரு பன்னு வாங்கிக் குடுத்தேன். என் கைக்காசு. "ஏத்தா, இதையெல்லாம் மனசுல வச்சுக்காத. நல்லாப் படி. படிச்சு நீயும் போலீஸ் ஆயிரு, அப்ப உன்னை எவனும் கேட்க முடியாது"ன்னு சொன்னேன். பன்னை ரெண்டு மணிக்கட்டுக்கு நடுவுல ஏந்தி வாங்கி மடியில வச்சுக்கிச்சு. பிச்சுத் திங்கலை. வெட்கம். அவங்க அம்மாதான் பிச்சு ஊட்டி விட்டுச்சு.

பாருங்க, சொன்ன மாதிரியே போலீஸ் ஆயிருச்சு! எங்க ஸ்டேஷனுக்கே போஸ்டிங்ல வந்து நிக்குது. பேரைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. "ஏத்தா, நீ அந்த ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளைதானே?"ன்னேன். "ஆமாங்கய்யா"ன்னுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை. அடக்கமான பிள்ளை.

வேலையில சுத்தம். ஒண்ணு ரெண்டு கோளாறு உண்டு, அது யாருக்கு இல்லை? அந்தச் சுவரோரம் மட்டும் போகாது. ரைட்டர் ரூமுக்குப் போகணும்னா அங்கிட்டுச் சுத்தி, இன்ஸ்பெக்டர் ரூம் வழியா வரும். வாஸ்து கீஸ்து பார்க்குது போலன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம், சந்தேகத்துல பொம்பளையாளையோ பிள்ளையையோ கூட்டிட்டு வந்தா, நடுஹால்ல தன் மேஜைக்குப் பக்கத்துல நாற்காலி போடும். தண்ணி குடுக்கும். கூட வந்தவங்களையும் உள்ள கூப்பிட்டு உட்கார வைக்கும். "ஏத்தா, இது என்ன கல்யாண வீடா?"ன்னு நானே கேட்டிருக்கேன். அது பாட்டுக்கு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடும். நான்தான் சொன்னேனே, முந்தி பார்த்த வேலை போகாதுன்னு. வீட்டு வேலை பார்த்த பிள்ளை, வந்தவங்களுக்கு நாற்காலி போட்டே பழகிருச்சு.

போர்டுக்காக எல்லார்கிட்டயும் விவரம் கேட்டப்ப அதுவும் சொல்லுச்சு. அப்பா கூலி வேலை, ஓட்டப்பந்தயத்துல மாவட்ட அளவுல ஜெயிச்சிருக்கேன், அதை மட்டும் போடுங்கய்யான்னுச்சு. ஓட்டப்பந்தயத்தை யாரு தம்பி நின்னு வாசிப்பான்? அதனால நானே மாத்தி எழுதினேன். எனக்கு மனப்பாடம், கேளுங்க. "ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் வீட்டு வேலை செய்த இடத்தில் நகைத் திருட்டுப் புகாரில் இதே நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டார். காவலர் வீரணன் அவர்களின் முயற்சியால் குற்றமற்றவர் எனத் தெரியவந்து, அவர் காட்டிய வழியில் காவல் துறையில் சேர்ந்தார்." எப்படி இருக்கு? என் போட்டோவுக்குக் கீழேயும் சேர்த்துக்கிட்டேன், "இவர் காட்டிய வழியில் காவல் துறைக்கு வந்தவர் பஞ்சவர்ணம்"னு. இன்ஸ்பெக்டர் வாசிச்சிட்டு, "பஞ்சவர்ணத்துக்குச் சம்மதந்தானே?"ன்னு கேட்டாரு. "நம்ம பிள்ளைதான்யா"ன்னேன். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அன்னைக்கு வீட்டுல ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னேன்.

போர்டை மாட்டின அன்னைக்கு அந்தப் பிள்ளை டூட்டிக்கு வந்துச்சு. வாசல்ல நின்னு வாசிச்சுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. சந்தோசத்துல நிக்குதுன்னு நான் உள்ள இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். உள்ள வந்து, "ஐயா, அதை எடுத்துருங்க"ன்னுச்சு.

"ஏத்தா, என்ன தப்பா எழுதிட்டேன்? குற்றமற்றவர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

"ஊருல யாருக்கும் தெரியாதுங்கய்யா. என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

"தெரியட்டுமே. அவரும் பெருமைப்படட்டும்."

"நீங்க எழுதினதுல ஜனங்க ஒரு வார்த்தையைத்தான் வாசிப்பாங்கய்யா."

நான் சிரிச்சிட்டேன். இத்தனை வார்த்தை எழுதியிருக்கேன், ஒரு வார்த்தையையா வாசிப்பாங்க? ஆனா அப்படித்தான் ஆச்சு. சிக்கந்தர் வந்து சொன்னான். கிழக்குத் தெருவுல ஒரு வீட்டுல பாத்திரம் களவு போச்சுன்னு விசாரிக்கப் போயிருக்காங்க. இந்தப் பிள்ளை வீட்டுக்குள்ள நுழைஞ்சதும், அந்த வீட்டம்மா பேசிக்கிட்டே கைநீட்டி, அலமாரி மேல கழட்டி வச்சிருந்த மோதிரத்தை எடுத்து விரல்ல மாட்டிக்கிட்டாங்களாம். ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை. காபி கூடக் குடுத்திருக்காங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தம்பி. இந்த ஊரு ஜனங்க இருக்காங்களே, நல்லது எழுதினாலும் அதுல கெட்டதைத்தான் பொறுக்குவாங்க. அந்த வீட்டுக்கே போய் நாலு கேள்வி கேட்கணும்னு பார்த்தேன், சிக்கந்தர்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினான்.

அந்தப் பிள்ளை திரும்பவும் கேட்டுச்சு. அப்ப எஸ்.பி. ஐயா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற நேரம். "எஸ்.பி. ஐயா பார்த்துட்டுப் போகட்டும்த்தா, அப்புறம் யோசிப்போம்"னேன். எஸ்.பி. வந்தாரு. போர்டு முன்னால நின்னு ஒண்ணுவிடாம வாசிச்சாரு. "யாருய்யா வீரணன்?"னாரு. சல்யூட் அடிச்சேன். கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு தம்பி! என் சர்வீஸ்ல ஒரு எஸ்.பி. என் கையைத் தொட்டது அன்னைக்குத்தான். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இவராலதான் இந்த வேலைக்கு வந்தியாம்மா?"ன்னு கேட்டாரு. அது என்னைப் பார்த்துச்சு. அப்புறம், "ஆமாங்கய்யா, இவராலதான்"னுச்சு. நான் அழுதுட்டேன். வெட்கமில்லாமச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அடுத்த வாரமே டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிட்டுத் தேவாங்குளம் போயிருச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. போறதுக்கு முந்தி இன்ஸ்பெக்டர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நேரம் பேசியிருக்கு. என்ன சொல்லுச்சோ தெரியாது. அன்னைக்கு மத்தியானமே அவரு அது இருந்த இடத்துல வெள்ளைத்தாளை ஒட்டச் சொல்லிட்டாரு. என் போட்டோவுக்குக் கீழேயும் ஒட்டிட்டாங்க. "ஐயா, எனக்கு எதுக்கு ஒட்டுறீங்க?"ன்னேன். வாத்தியாரு மாதிரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, "உங்களுக்குப் புரியலையா வீரணன்?"னாரு. என்ன புரியணும்? போர்டுல நான் மறுபடியும் ஒன்றரை வரி ஆயிட்டேன். அதுல இருந்து அவரு என்கிட்ட வேலையைத் தவிர வேற பேச்சுப் பேசுறதில்லை.

எங்க ஸ்டேஷன்ல ஒரு வழக்கம். ரிட்டையர்டு ஆகுறவங்களுக்கு விழா நடத்தும்போது, அவங்களால ஒரு நல்லது நடந்த ஆளு ஒருத்தர் வந்து மைக்ல பேசணும். போன தடவை ரிட்டையர்டு ஆன ஏட்டுக்கு, அவர் கிணத்துல இருந்து தூக்கின பிள்ளை, இப்ப மீசை வச்ச ஆளு, வந்து கால்ல விழுந்தான். என் விழாவுல யாரு பேசுறதுன்னு மாயழகு கேட்குறான். நான் யாரைச் சொல்றது? ராத்திரியெல்லாம் நினைச்சுப் பார்த்துட்டேன் தம்பி, இந்தப் பிள்ளையை விட்டா ஒரு முகம் வரலை. பெஞ்சாதி பிள்ளைகள், சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தருமே எந்திரிச்சு வரலைன்னா எப்படி இருக்கும்?

அதான் முந்தாநாள் போன் போட்டேன். எடுக்காதுன்னு நினைச்சேன், எடுத்துருச்சு. "ஏத்தா, நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும். அன்னைக்கு நடந்ததைச் சொன்னாப் போதும்"னேன். நிதானமாச் சொல்லுச்சு. "வர்றேங்கய்யா. அன்னைக்கு நடந்ததை அப்படியே சொல்றேன். நீங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னீங்களே, காலையில, அங்க இருந்தே ஆரம்பிச்சுச் சொல்றேன்."

சந்தோசமா, "சரித்தா"ன்னு வச்சிட்டேன். வச்சதுக்கு அப்புறந்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. ரெண்டு நாளாத் தூக்கமில்லை. காலையில இருந்து எதுக்கு? விழா மேடை, ஆளுக்கு அஞ்சு நிமிசந்தான். என் பேரப்பிள்ளைக வேற முன்னாடி உட்கார்ந்திருக்கும், பேத்திக்கும் கிட்டத்தட்ட அந்த வயசுதான். இந்தா, பையில அந்தப் பிள்ளைக்கு ஒரு சேலை வாங்கி வச்சிருக்கேன். கையில குடுத்து, பக்குவமா எடுத்துச் சொல்லணும்.

தேவாங்குளம் விலக்கு வந்துருச்சு போல. எந்திரிங்க, உங்க பையை எடுத்துத் தர்றேன். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க தம்பி. ஒரு நாளைப் பத்திப் பேசணும்னா காலையில இருந்துதான் ஆரம்பிக்கணும்னு சட்டமா இருக்கு? பன்னு வாங்கிக் குடுத்தேனே, சாயங்காலம், அதுல இருந்து ஆரம்பிச்சா ஆகாதா?